ஒத்துக்கொண்ட குளிசை

மோர்னிங்சைட், ஸ்காபரோ
11-02-1996

யேசு துணை

அன்புள்ள வேரோனிக்கா அக்காவுக்கு,

தங்கச்சி மக்டலீன் எழுதிக்கொள்வது. நீர்கொழும்பில் நீங்களும் நீக்கிலாப்பிள்ளை அத்தானும் நல்ல சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நானும் இவரும் ஜூலியும் இருக்கிறோம். ‘சுகமாக’ என்று எழுதப் பேனையை வைத்தேன், எழுத வரவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதக் கடைசியில் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வெளியில் பனி. பஸ்ஸுக்குள் நல்ல சனம். திடீரென்று நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. ஓடி வந்தவளுக்கு அடிப்பது போல இல்லை, யாரோ உள்ளே இருந்து உதைப்பது போல. கை விறைத்தது. தொண்டை அடைத்தது. சாகப்போகிறேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால் சந்தேகமாக இல்லை அக்கா, தெரிந்தது. “நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ” என்று தமிழில் கத்தியிருக்கிறேன். சாரதி நிறுத்தி அம்புலன்ஸைக் கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்கள் ஒட்டிப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு குறையும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

குறை இல்லை என்றால் அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? லிப்டுக்குள் வருகிறது. கோயிலில் பூசை நடுவில் வருகிறது. பதினோராம் மாடிக்குப் படியால் ஏறி இறங்குகிறேன்.

எல்லாவற்றிலும் மோசம் டெலிபோன் மணி. எங்களைப் பெற்ற ஐயா இடம்பெயர்ந்து போகும் வழியில் சாவகச்சேரியில் கண்ணை மூடிய செய்தி அதில்தானே வந்தது. அதற்குப் பிறகு மணி அடித்தால் நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். இவர் வயரைக் கழற்றி வைத்துவிட்டார். இனி எடுக்காதீர்கள் அக்கா, எழுதுங்கள். அவசரம் என்றால் பிக்கரிங்கில் இவருடைய வேலையிடத்து நம்பர் உங்களிடம் இருக்கிறது.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது நீங்கள். உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

அன்புத் தங்கை
மக்டலீன்


நீர்கொழும்பு
04-03-1996

யேசு மரியே தஞ்சம்

என் அன்புத் தங்கச்சி மக்டலீனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நலம். தம்பி மரியோவும் ஜூலிக்குட்டியும் நலமா? உன் கடிதத்தை அத்தான் இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

உனக்கு என்ன குறை, சொல். தலைக்கு மேலே குண்டு இல்லை. கதவைத் தட்டி அடையாள அட்டை கேட்பவன் இல்லை. நல்ல புருஷன். தங்கம் போல ஒரு பிள்ளை. அங்கே இருந்துகொண்டு நீ பயந்தால் இங்கே இருக்கிற நாங்கள் என்ன செய்வது? தனிமையில் இருந்து யோசிக்கிறாய், அதுதான். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் உன் பெயருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். மந்திரித்த எண்ணெய் கொழும்பிலிருந்து வருகிற ஓர் ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். படுக்கும்போது நெஞ்சில் பூசு. குளிசை கிளிசை என்று தொடங்காதே, பிறகு விடமுடியாது.

இப்படிக்கு
உன் அக்கா வேரோனிக்கா

பிற்குறிப்பு: மக்டலீன், நான் அத்தான். கொக்கா எழுதினதைக் கணக்கெடுக்காதே. அவ பயத்தில ஏசுறா. நீ டொக்டரிட்டைப் போ. வலை கிழிஞ்சா வலைகாரனிட்டைத்தானே குடுக்கிறது.


ஸ்காபரோ
21-04-1996

யேசு துணை

அன்பின் அக்காவுக்கு,

உங்களுக்கும் அத்தானுக்கும் உயிர்ப்பு விழாத் திருநாளின் சமாதானம் உண்டாகட்டும். எண்ணெய் வந்து சேர்ந்தது. பூசுகிறேன். அத்தான் சொன்னபடி டொக்டரிடமும் போனேன்.

வோபர்னில் ஒரு தமிழ் டொக்டர். காத்திருக்கும் இடத்தில் பாதிப் பேர் எங்கள் கோயில் சனம். “என்ன மக்டலீன், என்ன வருத்தம்?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். முதுகுநோ என்று பொய் சொன்னேன். உள்ளே போனபோது அந்தப் பொய்யே வாயில் நின்றது. டொக்டருக்கும் முதுகுநோ என்று சொல்லிவிட்டு, எழும்பும்போதுதான் அழுதுகொண்டு உண்மையைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். வெளியில் ஆட்கள் நிறைந்திருந்ததால் அவசரமாக எழுதித் தந்தார்.

அது சின்னக் குளிசை. போட்டு அரைமணியில் நெஞ்சு அடங்கியது. இவ்வளவு நாளும் இது எங்கே இருந்தது என்று நினைத்தேன். இரண்டு கிழமை சொர்க்கம். பிறகு வேலையிடத்தில், ஓடுகிற பட்டியில் வரும் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றபடி தூங்கியிருக்கிறேன். பெட்டிகள் சரிந்து விழுந்தன. மேற்பார்வைக்காரி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். டொக்டர் பாதியாக்கச் சொன்னார். பாதியாக்கினால் பயம் முன்னையதைவிட இரண்டு மடங்காக வந்து நின்றது. குளிசையைக் குறைத்ததால் வந்ததா, என் வருத்தமா என்று கேட்டேன். “ரெண்டும் இருக்கலாம்” என்றார்.

இவர் பாவம். “யோசிக்காதையும் மக்டலீன்” என்கிறார். யோசிக்கிறது என்றால் நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிற சாமானா, கீழே வைக்க?

அத்தானின் பிற்குறிப்பைப் பார்த்து இருவரும் சிரித்தோம். ஒவ்வொரு கடிதத்திலும் அவர் நாலு வரி எழுத வேண்டும்.

அன்புத் தங்கை
மக்டலீன்


ஸ்காபரோ
09-07-1996

யேசு துணை

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? என் சித்திரை மாதக் கடிதம் கிடைத்ததா? பதிலைக் காணவில்லை. கடிதப் பெட்டியைப் பார்க்கப் படியால் இறங்கிப் போய் வெறுங்கையோடு ஏறி வருகிறேன்.

பழைய குளிசையை மெல்ல மெல்லக் குறைத்து வேறொன்று தந்தார்கள். இதற்கு நித்திரை குறைவு. ஆனால் வாய் மணலாகக் காய்கிறது. பாண் துண்டை விழுங்கத் தண்ணீர் வேண்டும். வயிறு இறுகிப் போனது. எழும்பி நின்றால் கண் இருட்டுகிறது. இரண்டு மாதம் பொறுத்தால்தான் பலன் தெரியும் என்கிறார்கள். கெட்டதெல்லாம் முதல் நாளே வருகிறது, நல்லதுக்குத்தான் தவணை.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் ஒரு வெள்ளைக்கார டொக்டரிடமும் அனுப்பினார்கள். மொழிபெயர்க்க வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாடுகிற கிளடிஸ் அன்ரி. “நெஞ்சு பதறுது” என்றேன். அவர் நெஞ்சுநோ என்று சொல்லியிருக்கிறார். திரும்பவும் வயர் ஒட்டினார்கள்! பிறகு டொக்டர் கேட்டாராம், “என்னத்துக்குப் பயப்பிடுறீர்?” என்று. “அது தெரிஞ்சா எனக்கேன் அன்ரி குளிசை?” என்றேன். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

அக்கா, ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு ஏதும் நடந்ததா? எனக்கு அப்படியே படுகிறது. இதை டொக்டரிடமும் சொன்னேன். இவர் பக்கத்தில் இருந்து, “ஒண்டும் இல்லை, தமக்கை நல்லாய்த்தான் இருக்கிறா” என்று ஆங்கிலத்தில் சொன்னார். டொக்டர் தலையாட்டிவிட்டு, இப்படி நினைப்பதுதான் இந்த வருத்தத்தின் குணம் என்று குளிசையைக் கூட்டி எழுதினார்.

ஒரு வரி போதும். உடனே எழுதுங்கள்.

மக்டலீன்


நீர்கொழும்பு
02-08-1996

யேசு மரியே தஞ்சம்

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். உங்கள் மூவரின் நலத்துக்கும் செபிக்கிறேன். வீடு மாறியதால் பதில் பிந்திவிட்டது. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே.

இங்கே நல்ல மழை. மீன் விலை ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் நல்லவள், தேங்காய் தருவாள். அத்தான் புத்தளத்தில் ஒரு வேலை கிடைத்துப் போய் நிற்கிறார். அதனால் இந்த முறை அவர் எழுதவில்லை.

முன்பு குளிசை வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அதை விடு. டொக்டர் சொல்கிறபடி போடு. மறக்காமல் போடு.

அக்கா வேரோனிக்கா


ஸ்காபரோ
30-09-1996

யேசு துணை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்தை அறிய ஆவல். ஜூலி மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். பல் ஒன்று விழுந்திருக்கிறது. இவருக்கு வேலை கூட. எனக்கு வேலை போய்விட்டது. பிஸ்கட் தொழிற்சாலையில் இனி வரவேண்டாம் என்று கடிதம் தந்தார்கள்.

மூன்றாவது குளிசை. புதிதாக வந்த இனம், இதுதான் இப்போது எல்லோருக்கும் கொடுப்பது என்றார்கள். வாய் காயவில்லை, நித்திரை தூக்கவில்லை. ஆனால் உடம்புக்குள் எறும்பு ஊர்வது போல ஒரு அந்தரம். இருக்க முடியாது, நிற்க முடியாது. குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தேன். ஜன்னல் பக்கம் போகவே பயமாக இருந்தது. ஏன் பயம் என்று எழுதமாட்டேன். ஒரு கிழமைக்குள் யாருக்கும் சொல்லாமல் நிறுத்தினேன். இவருக்குத் தெரிந்ததும் முதல்முறையாகக் கத்தினார். “உமக்குச் சுகம் வரவேணும் எண்டு ஆசையே இல்லையோ?” ஜூலி காதைப் பொத்திக்கொண்டாள்.

முதல் இரண்டு கிழமை அப்படித்தான் இருக்கும் என்று டொக்டர் இப்போது சொல்கிறார். அதை முதலே சொல்லியிருக்கலாம். மனநல டொக்டர் ஒருவரிடம் பெயர் பதிந்திருக்கிறது. தைமாதம்தான் இடம் கிடைக்குமாம்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். ஆடி மாதம் நீர்கொழும்பில் என்ன நல்ல மழை? வலை பொத்துகிற மனிதருக்குப் புத்தளத்தில் அப்படி என்ன வேலை? அத்தான் ஏன் ஒரு வரி எழுதவில்லை? இவரிடம் கேட்டால், “உமக்கு வருத்தம் கதைக்குது” என்று முகத்தைத் திருப்புகிறார். கோயிலில் என் கூட்டாளி செலீனிடம் சொன்னேன். அவவும் அதையே சொன்னா. எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்லும்போது நான்தான் பிழையாக இருக்கவேண்டும். ஆனாலும் கேட்கிறேன்.

தங்கை மக்டலீன்


நீர்கொழும்பு
18-11-1996

யேசு மரியே தஞ்சம்

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நலமறிய ஆவல். அத்தானுக்கு வலது கை நோ, பேனை பிடிக்க முடியவில்லை. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். வீண் யோசனைக்கு இடம் கொடுக்காதே. பிள்ளையைப் பார். மருந்தை நிறுத்தாதே.

உன்னை மன்றாடிக் கேட்கிறேன், நீ சுகமாகு.

அக்கா


ஸ்காபரோ
26-01-1997

யேசு துணை

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். உங்களுக்கும் அத்தானுக்கும் இந்த வருடமாவது ஆறுதல் தரட்டும். அத்தானின் கை எப்படி?

ஒரு நல்ல செய்தி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் காத்திருந்த டொக்டர் ஒரு மாதம் முந்தியே கூப்பிட்டுவிட்டார். வயதான பெண். கிளடிஸ் அன்ரி வேண்டாம் என்று சொன்னேன். வேறொரு பிள்ளையை மொழிபெயர்க்க வைத்தார்கள். டொக்டர் ஒரு மணித்தியாலம் கேட்டார். ஐயாவின் கதையையும் கேட்டார். பிறகு, புதிய இனத்தில் இன்னொரு குளிசையை உடைத்து, கால் துண்டிலிருந்து தொடங்கச் சொன்னார். “முதல் கொஞ்ச நாள் இன்னும் மோசமாய் இருக்கும். அது மருந்து, நீங்கள் இல்லை” என்றார். இந்த ஒரு சொல்லை ஒரு வருடமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மோசமாகத்தான் இருந்தது. பொறுத்தேன். கால் துண்டு அரையாகி, இப்போது முழுக் குளிசை. போன ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன். நெஞ்சு அடித்தது, ஆனால் இறங்கவில்லை. லிப்டில் ஜூலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவள் எண்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இதற்கும் ஒரு விலை இருக்கிறது. அழுகை வருவதில்லை. ஐயாவின் படத்தைப் பார்த்தாலும் வருவதில்லை. சிரிப்பும் பாதியில் நின்றுவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மெல்லிய துணி போர்த்தது போல. ஆனால் பயத்தோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை.

அக்கா, ஒரு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்று எவ்வளவு எழுதிவிட்டேன். இப்போது அந்த நினைவு வருவதில்லை. டொக்டர்மார் சொன்னது சரிதான், அது வருத்தம். உங்கள் பழைய கடிதங்களை எடுத்து வாசித்தேன். சாதாரணக் கடிதங்கள்தான். மழை, மீன், தேங்காய். அதற்குள் என்னத்தைத் தேடினேனோ!

அன்புத் தங்கை
மக்டலீன்


நீர்கொழும்பு
27-03-1997

யேசு மரியே தஞ்சம்

என் மக்டலீனுக்கு,

உன் தைமாதக் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதமுடியாமல் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் நீ மன்னிப்புக் கேட்ட இடத்தைத் தாண்ட முடியவில்லை. இன்று பெரிய வியாழன். இன்று எழுதாவிட்டால் என்றைக்கும் எழுதமாட்டேன். தம்பி மரியோ பக்கத்தில் இருக்கும்போது வாசி.

போன வருடம் வைகாசியில், பொலிஸ்காரரின் சுற்றிவளைப்பில் அத்தானைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சந்தைக்குப் போனவர். இரண்டு மாதம் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாது. தெரிந்த பிறகு கிழமைக்கு ஒருதரம் சாப்பாடு கட்டிக்கொண்டு போவேன். சில நாள் காட்டுவார்கள், சில நாள் இல்லை. வீடும் மாறவில்லை, புத்தளமும் இல்லை. கை நோ என்று எழுதியது மட்டும் உண்மை. எப்படி நொந்தது என்று எழுதமாட்டேன்.

பிடித்த அன்றே தம்பியின் வேலையிடத்துக்கு டெலிபோன் எடுத்தேன். “மச்சாள், அவளுக்கு மட்டும் சொல்லாதேங்கோ. தாங்கமாட்டாள். பிள்ளைக்குத் தாய் இல்லாமல் போயிடும்” என்று அழுதார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ ஒவ்வொரு முறையும் சரியாகக் கேட்டாய். நான் ஒவ்வொரு முறையும் பொய் எழுதினேன்.

மாசி மாதம் ஒரு வழக்கும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். வந்திருப்பவர் அத்தான்தான், ஆனால் வாசலைப் பார்த்துச் சுவரோடு முதுகை வைத்து இருக்கிறார். தெருவில் வான் வண்டி வந்து நின்றால் எழும்பிப் பின்பக்கம் ஓடுகிறார். வலை பொத்த ஊசியை எடுத்தால் கை உதறுகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “வேரோனி, நான் சாகப்போறன்” என்கிறார். ஆஸ்பத்திரியில் இதயம் நல்லாக இருக்கிறது என்கிறார்கள். ஒரு குளிசை தந்தார்கள். போட்டால் எச்சில் வடிய மரம் போலக் கிடக்கிறார். இப்போது துப்பிவிடுகிறார்.

உனக்கு என்ன குறை என்று உன்னைக் கேட்டேனே, பிள்ளை.

உனக்கு ஒத்துக்கொண்ட அந்தக் குளிசையில் கொஞ்சம் யாரிடமாவது கொடுத்துவிடு. உன்னை விட்டால் இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

அக்கா


ஸ்காபரோ
20-04-1997

யேசு துணை

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

சுகம் கேட்டு எழுதுவதை இந்த முறை விடுகிறேன்.

உங்கள் கடிதத்தை நான் தனியாகத்தான் வாசித்தேன். சாகவில்லை. அழுகையும் வரவில்லை. வரவேண்டும் என்று எவ்வளவோ பார்த்தேன். அந்தக் குளிசை அதையும் எடுத்துவிட்டது.

இவர் வேலையால் வந்ததும் கடிதத்தை மேசையில் வைத்தேன்.

“உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“எப்ப இருந்து?”

“வைகாசியில இருந்து.”

“அப்ப நான் டொக்டரிட்டைச் சொல்லேக்கை, பக்கத்தில இருந்து ஒண்டும் இல்லை எண்டு சொன்னனீங்கள்.”

“நான் என்ன செய்ய மக்டலீன்? உம்மைப் பாக்கிறதோ, அவையைப் பாக்கிறதோ?”

“எனக்குக் குளிசையைக் கூட்டினவை. பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்.”

அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினியில் நின்று அழுதார். இருவருக்குமாகச் சேர்த்து அழுதது போல இருந்தது. ஒரு கிழமை நாங்கள் கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறோம், சோறு போடவா என்கிற அளவுக்கு. அவரை நான் வெறுக்கவில்லை. ஆனால் இனி அவர் ‘ஒண்டும் இல்லை’ என்று சொன்னால் நான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

எனக்கு வருத்தம் இருந்தது, அது உண்மை. உங்களுக்கு நடந்ததும் உண்மை. ஒன்று இருந்தால் மற்றது பொய் என்று எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். கடைசியில் நானும் நம்பினேன். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை அக்கா. நீங்கள் சாப்பாட்டுப் பொதியோடு வெயிலில் நின்ற நாளில், நான் இங்கே இருந்து உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

குளிசை அனுப்பமாட்டேன். கோபத்தில் இல்லை. என் டொக்டரிடம் கேட்டேன். பார்க்காத ஆளுக்குத் தரக்கூடாது என்றார். என் ஒரு உடம்பிலேயே மூன்று ஒத்துக்கொள்ளவில்லை. அத்தானின் உடம்பு அடி வாங்கிய உடம்பு. கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டொக்டர்மார் இருப்பார்கள். கோயில் சாமியாரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மொழி தெரிந்த, கதையை வெளியில் கொண்டுபோகாத ஆள் ஒருவரையும் கூட்டிப் போங்கள். கை எப்படி நொந்தது என்று எனக்கு எழுதவேண்டாம், டொக்டருக்குக் கட்டாயம் சொல்லவேண்டும். மரமாகக் கிடக்கிறார் என்று சொன்னால் குறைத்துத் தருவார்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது.

அத்தான், இது உங்களுக்கு. முதல் கொஞ்ச நாள் இன்னும் மோசமாக இருக்கும். அது மருந்து, நீங்கள் இல்லை. ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்று தருவார்கள், அதுவும் ஒத்துவராமல் போகலாம். குணமாகும் என்று நான் எழுதமாட்டேன். நான் குணமாகவில்லை. பஸ்ஸில் போகிறேன், அவ்வளவுதான். அதற்கே ஒரு வருடம் போனது. வான் நின்றால் பயப்படுங்கள். உங்களைப் பிடித்தார்கள்தானே, பயப்படாமல் என்ன செய்வது? பயப்படாதே என்று சொல்கிறவர்களை வெளியில் இருக்கச் சொல்லுங்கள், அக்காவாக இருந்தாலும்.

அக்கா, இனி எனக்கு மழையும் தேங்காயும் எழுதாதீர்கள். அவர் சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்று எழுதுங்கள். இன்றைக்கு உங்களுக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். வாசித்துவிட்டு நான் படுத்துக் கிடந்தாலும், எழும்பிப் பதில் போடுவேன்.

இந்தக் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் எழுத்து வரியை விட்டு இறங்கிவிட்டது. இவர் பார்த்துவிட்டு, “மச்சாள் பயப்பிடுவா, வேறை தாளில வடிவாய் எழுதி அனுப்பும்” என்றார். மாட்டேன் என்றேன். இந்தத் தாளையே மடித்து அனுப்புகிறேன்.

உங்கள்
மக்டலீன்